கெட்டிமேளத்தில் கேட்காமல் போன தும்மல்: பாட்டுச் சேகரிப்பை எந்த ஃபார்மட்டில் வைப்பது?

எண்பதுகளில் கடைத்தெரு என்று ஒன்று இருந்த ஊரில் எல்லாம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஏ பக்கத்துக்கு 6 பாட்டு, பி பக்கத்துக்கு 6 பாட்டு என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு நாள் கழித்து 60 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். இசைத்தட்டில் இருந்து நேராகப் பதிந்தார்களா, கடையில் கிடந்த இன்னொரு கேசட்டில் இருந்து பதிந்தார்களா என்பது வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால்தான் தெரியும். நேராகப் பதிந்திருந்தால் தட்டின் கீறல் சத்தம் மட்டும் கேட்கும். கேசட்டில் இருந்து பதிந்திருந்தால் அதன்மேல் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் படர்ந்திருக்கும். அந்தக் கேசட்டை அத்தை வீட்டில் இரவல் வாங்கி, டபுள் டெக்கில் போட்டு நாம் ஒரு பிரதி எடுத்தால் இரைச்சல் இன்னொரு படி ஏறும். நாலாவது பிரதியில் ஜால்ரா போன இடம் தெரியாது.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு ஃபைலை ஆயிரம் முறை காப்பி எடுத்தாலும் ஆயிரமாவது காப்பி முதல் காப்பியைப் போலவே இருக்கும். உண்மைதான். ஆனால் காப்பி எடுப்பது வேறு, மாற்றுவது வேறு. எம்பி3 ஃபைல் ஒன்றைத் திறந்து, கொஞ்சம் இரைச்சலைக் குறைத்து, மறுபடி எம்பி3 ஆகவே சேமித்தால் அந்த நிமிடமே நாம் ரெக்கார்டிங் சென்டருக்குத் திரும்பிவிட்டோம். காதுக்கு உடனே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்காருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஃபார்மட்டில் வைக்கலாம்?" என்பது. எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்கா, சுருக்கவே சுருக்காத வேவா, நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3 போதாதா? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கேட்பதற்கா, வைப்பதற்கா? கேட்பதற்கு என்றால் எது வேண்டுமானாலும் சரி, இன்றைக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். வைப்பதற்கு என்றால் அது விதைநெல். நெல்லைக் குத்தி எப்போது வேண்டுமானாலும் அரிசி எடுத்துக்கொள்ளலாம், அரிசியை விதைத்தால் முளைக்காது. வைக்கிற ஃபைலில் இருந்து இனி வரப்போகிற எல்லா ஃபார்மட்டுக்கும் குறையில்லாமல் போக முடிய வேண்டும். அந்தக் கதவு ஒரு தடவை அடைபட்டால் திறக்காது.

எம்பி3 அந்தக் கதவை எப்படி அடைக்கிறது என்று பார்க்கலாம். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் எழுந்ததும் நாயனமும் தவிலும் உச்சத்தில் முழங்கும். அந்த நேரத்தில் தும்மலோ வேண்டாத பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது என்பதுதான் அதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம். யாரும் தும்மாமல் இருப்பதில்லை. தும்முவார்கள், கேட்காது. பெரிய சத்தம் அதை ஒட்டிய சின்னச் சத்தத்தை மூடிவிடுகிறது. எம்பி3 முழுக்க இந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது. காதுக்குக் கேட்காமல் போகும் தும்மலைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, அதற்கு இடம் ஒதுக்காமல் விட்டுவிடுகிறது. ஜெர்மனியில் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் எண்பதுகளில் இருந்து செய்த வேலை, 1993இல் உலகத் தர நிர்ணயமாக வெளிவந்தது. சிடியில் நொடிக்கு 14,11,200 பிட் போகிறது. 128 கிலோபிட் எம்பி3 அதைப் பதினொன்றில் ஒரு பங்காக்கியது. அதனால்தான் நடைபாதையில் ஒரே சிடியில் 150 பாட்டு விற்க முடிந்தது.

நன்றாகச் செய்த 320 கிலோபிட் எம்பி3யையும் சிடியையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள் திணறுவார்கள். நானும் தோற்றிருக்கிறேன். ஆகவே 'காது கூர்மையானவர்களுக்கு எம்பி3 ஆகாது' என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிக்கல் 128இல் தெரியும். ஜால்ரா மணல் கொட்டுவது போல ஆகும். கஞ்சிராவின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூலிழை முன்னால் 'உஷ்' என்று ஒரு நிழல் வரும். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிச் சுருக்குவதால், அடி விழுந்த துண்டின் பிழை துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலும் கசிகிறது. கச்சேரியின் கைதட்டல் இன்னும் மோசம், அப்பளம் பொரிகிற மாதிரி கேட்கும். நூறு பேர் நூறு விதமாகத் தட்டுவதில் எதைத் தூக்கி எறிவது என்று எம்பி3க்குத் தெரியாது.

வைப்பதற்கு எம்பி3 ஏன் ஆகாது என்றால், பின்னாளில் நாம் மேளத்தின் சத்தத்தைக் குறைக்கப் பார்ப்போம். பழைய பதிவை யாரும் அப்படியே விடுவதில்லை. இரைச்சலை எடுப்போம், அடங்கிய குரலை ஏற்றுவோம். கேசட் ஓடிய வேகம் தப்பாக இருந்தால் சுருதியைச் சரிசெய்வோம். டெக் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடினாலே பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும், ஆகவே கர்நாடக சங்கீதக் கேசட்டுகளில் இந்த வேலை கட்டாயம் வரும். மேளம் இறங்கியதும், அதன் அடியில் மறைந்திருந்தவை வெளியே வர வேண்டும். எம்பி3யில் அந்த இடம் காலி. காலியான இடம் கலகல என்று தண்ணீர் ஓடுவது போல ஒலிக்கும்.

சரி, எதையும் எறியாமல் எப்படிச் சுருக்குவது? வீட்டில் பால் கணக்கு வைக்கும் காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தினம் 1 லிட்டர் என்பது வழக்கம். அதை யாரும் தினமும் எழுதுவதில்லை. விருந்தாளி வந்த அன்று '+½', ஊருக்குப் போன அன்று '0'. மாதக் கடைசியில் கணக்குப் போட்டால் ஒரு சொட்டு விடாமல் சரியாக வரும். ஃபிளாக் செய்வது இதைத்தான். ஒலி அலையின் அடுத்த புள்ளி எங்கே விழும் என்று முந்தைய புள்ளிகளை வைத்து ஊகிக்கிறது, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கிறது. விரிக்கும்போது ஒரு பிட் கூட மாறாமல் மூலம் திரும்ப வரும். சிடி பாட்டு பொதுவாகப் பாதியாகவோ, மூன்றில் இரண்டு பங்காகவோ சுருங்கும். ஊகிக்க முடியாதது இரைச்சல்தான், தினம் ஒரு விதமாக விருந்தாளி வருகிற வீட்டு காலண்டர் மாதிரி. அதனால் இரைச்சல் மிகுந்த கேசட்டை 24 பிட்டில் பதிந்து ஃபிளாக் ஆக்கினால் எதிர்பார்த்த அளவு சுருங்காது. சுத்தமான வீணைப் பதிவு நன்றாகச் சுருங்கும்.

இந்த வகையில் ஃபிளாக் மட்டும் இல்லை. ஷார்டன் 1993இலேயே வந்துவிட்டது. வேவ்பேக், மங்கீஸ் ஆடியோ எல்லாம் உண்டு. ஆப்பிளின் அலாக் 2004இல் வந்தது, 2011இல் அதன் நிரலை ஆப்பிளே திறந்து கொடுத்துவிட்டது. ஜோஷ் கோல்சன் எழுதிய ஃபிளாக்கின் முதல் முழுப் பதிப்பு 2001இல் வெளியானது, 2003 முதல் சைஃப் என்ற திறந்த மென்பொருள் அமைப்பின் குடையின்கீழ் இருக்கிறது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பாட்டு ஒன்றேதான். 'அலாக்கில் குரல் கொஞ்சம் இனிமை', 'வேவில் பேஸ் அழுத்தம்' என்று இணையத்தில் நடக்கும் சண்டைகளைப் படிக்க நேரம் போகும், வேறு பயன் இல்லை. இன்றைக்கு அலாக்கில் வைத்து, நாளைக்கு மனம் மாறி ஃபிளாக்குக்குப் போகலாம். அங்கிருந்து வேவுக்குத் திரும்பலாம். ஒன்றும் குறையாது. இந்தக் குடும்பத்துக்குள் எடுக்கும் எந்த முடிவையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இருந்தாலும் எனக்கு ஒரு சாய்வு உண்டு, ஃபிளாக் பக்கம். காரணங்கள் ஒலியைச் சேர்ந்தவை அல்ல.

வேவ் 1991இல் மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்தது. சுருக்கமே இல்லாத, எல்லா மென்பொருளும் திறக்கிற ஃபார்மட். பெரிய ஆவணக் காப்பகங்கள் இதில்தான், குறிப்பாக ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வரையறுத்த பிராட்காஸ்ட் வேவில்தான், மூலத்தை வைக்கின்றன. அவர்களிடம் தனியாகத் தரவுத்தளம் இருக்கிறது, ஃபைல் கெட்டதா என்று நாளும் சரிபார்க்கிற ஏற்பாடு இருக்கிறது. நம்மிடம் அலமாரியும் ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க்கும்தான். வீட்டுக்கு வந்தால் வேவின் குறைகள் தெரியத் தொடங்கும். ஃபைலின் நீளத்தை 32 பிட் எண்ணில் எழுதுவதால் 4 ஜிபிக்கு மேல் சாதாரண வேவ் போகாது. ஒலி அலையை நொடிக்கு 96,000 முறை அளந்து (96 கிலோஹெர்ட்ஸ்), ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் எழுதி, இரண்டு சேனலாகப் பதிந்தால் 2 மணி 4 நிமிடத்தில் அந்த வரம்பு வந்துவிடும். மூன்று மணி நேரக் கச்சேரியைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பதிபவர் தனி ஆவர்த்தனத்தில் மாட்டிக்கொள்வார். இன்னொன்று கரண்ட். நீளத்தைப் பதிவு முடிந்த பிறகுதான் ஃபைலின் தலைப்பகுதியில் சரியாக எழுதுவார்கள். நடுவில் கரண்ட் போனால் 50 நிமிட ஒலி டிஸ்க்கில் இருக்கும், ஃபைல் மட்டும் '0 நிமிடம்' என்று சாதிக்கும். மீட்கலாம், ஆனால் வேலை.

ஃபிளாக்கில் எனக்குப் பிடித்தது அது தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்வது. ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும், சுருக்குவதற்கு முன் ஒலி எப்படி இருந்ததோ அதன் எம்டி5 என்ற 16 பைட் கைரேகை பதிந்திருக்கும். பத்து வருடம் கழித்து 'டெஸ்ட்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். நிரல் முழுப் பாட்டையும் விரித்து, புதிதாகக் கைரேகை எடுத்து, பழையதோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். ஆயிரம் ஃபைலை ஒரு ராத்திரியில் இப்படிச் சோதிக்கலாம். கைரேகை ஒலிக்கு மட்டும்தான் என்பது இன்னும் நல்லது. பாடியவர் பெயரைத் திருத்தினாலும், அட்டைப் படத்தை மாற்றினாலும் அது மாறாது. வேவில் இதைச் செய்ய வேண்டுமானால் முழு ஃபைலுக்கும் தனியாக ஒரு கைரேகைப் பட்டியல் வைக்க வேண்டும், ஒரு பெயரைத் திருத்தினாலே அந்தப் பட்டியல் பொய்யாகிவிடும்.

அதோடு ஃபிளாக் ஒலியை ஃபிரேம் எனும் சிறு சட்டங்களாகப் பிரித்து வைக்கிறது. வழக்கமான அளவு 4,096 சாம்பிள் (அலையை அளந்த புள்ளி), அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு சட்டத்துக்கும் தனிச் சரிபார்ப்பு எண் உண்டு. டிஸ்க்கில் ஒரு பிட் புரண்டால் அந்த ஒரு சட்டம்தான் போகும். பல்லவி நடுவில் ஒரு 'டக்'. சுருக்கிய ஃபைலில் ஒரு பிட் போனால் எல்லாம் போகும் என்று பயப்படுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 'டக்' எந்த ஃபைலில் என்று நமக்குத் தெரிந்துவிடுவதால், இரண்டாவது டிஸ்க்கில் இருந்து நல்ல பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். வேவில் அந்த 'டக்' என்றைக்கோ கேட்கும்போதுதான் தெரியும், அதற்குள் கெட்ட ஃபைலையே எல்லா டிஸ்க்கிலும் காப்பி எடுத்திருப்போம்.

இன்னொரு காரணம் நம் எழுத்து. யூனிகோடுக்கு முன்னால் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது உடனே புரியும். பாமினியில் தட்டி வைத்த பாட்டுப் பட்டியலை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. டிஸ்கி, டாம், டாப் என்ற மற்ற பழைய தமிழ்க் குறியாக்கங்கள் தனித்தனிக் கதை. ஒலி ஃபைலுக்குள் எழுதும் விவரங்களுக்கும் இதே வியாதி உண்டு. வேவின் பழைய குறிப்புப் பெட்டி எந்தக் குறியாக்கத்தில் எழுதியது என்று சொல்லாது. பிராட்காஸ்ட் வேவின் விவரப் பகுதி ஆங்கில எழுத்துகளுக்கு என்றே வரையறுத்தது. பழைய எம்பி3 டேக்குகள் கேள்விக்குறிகளாக மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபிளாக்கின் விவரக் குறிப்புகள் யூனிகோடில்தான். 'சாவேரி', 'மிஸ்ர சாபு', 'வயலின்', 'மிருதங்கம்' என்று தமிழிலேயே எழுதலாம், ராகம், தாளம் என்று எத்தனை புலம் வேண்டுமானாலும் சேர்க்கலாம். புலத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டும், அதற்குள் எழுதுவது தமிழாக இருக்கலாம். கேசட் உறையை ஸ்கேன் செய்து படமாகவும் உள்ளேயே வைத்துவிடலாம். மெஜந்தா மையில் யாரோ எழுதிய பாட்டு வரிசையும், மூலையில் போட்ட தேதியும் ஃபைலோடு கூடவே போகும்.

வீட்டில் எல்லாமே ஆப்பிள் என்றால் அலாக் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் மியூசிக் செயலியின் நூலகத்தில் ஃபிளாக்கை நேராகச் சேர்க்க முடியாது. ஒரே எச்சரிக்கை, அலாக்குக்கும் இழப்புள்ள ஏஏசிக்கும் ஃபைல் பெயரின் வால் ஒன்றுதான், 'எம்4ஏ'. பெயரைப் பார்த்து எது விதைநெல், எது அரிசி என்று சொல்ல முடியாது. தனித்தனி ஃபோல்டரில் வைக்க வேண்டும்.

அழிந்துபோன ஃபார்மட்டுகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. டயல்அப் காலத்தில் தமிழ்ப் பாட்டு இணையத்தில் கிடைத்தது பெரும்பாலும் ரியல் ஆடியோவில். இன்று அந்த ஃபைலைத் திறக்க வைத்தியம் பார்க்க வேண்டும். பூட்டுப் போட்டு விற்ற பாட்டு அதைவிடக் கஷ்டம். எம்எஸ்என் மியூசிக் கடையை மூடிய பிறகு, சாவி கொடுக்கும் சர்வரையும் நிறுத்தப் போவதாக 2008இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கத்தித்தான் அதைத் தள்ளிப்போட வைத்தார்கள். கிட்டத்தில் நடந்தது எம்க்யூஏ. 2014இல் 'ஸ்டுடியோ தரம்' என்று வந்த இந்த மூடிய ஃபார்மட்டின் நிறுவனம் 2023இல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதைத் தூக்கிப் பிடித்த டைடல் என்ற இணையப் பாட்டுச் சேவை அடுத்த வருடமே ஃபிளாக்குக்கு மாறியது. எம்பி3க்கு இந்த ஆபத்து இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் காப்புரிமை உரிமத் திட்டம் 2017இல் முடிந்துவிட்டது, எம்பி3யைத் திறக்காத கருவி கிடையாது. ஃபிளாக்கும் 2024 டிசம்பரில் இணையத் தர ஆவணமாக, 9639 என்ற எண்ணோடு, எழுத்தில் வந்துவிட்டது. எழுதிய மென்பொருள் எல்லாம் காணாமல் போனாலும் அந்த ஆவணத்தைப் பார்த்து ஒருவர் புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

ஃபார்மட் முடிவானதும் எண்களைப் பற்றிய கேள்வி வரும். 44.1ஆ, 48ஆ, 96ஆ? 16 பிட்டா, 24 பிட்டா?

சிடிக்கு இதில் கேள்வியே இல்லை. இருப்பது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். அப்படியே எடுக்க வேண்டும், ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது. (44,100 என்ற விசித்திர எண் வீடியோ டேப்பில் இருந்து வந்தது. ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு கோட்டில் 3 சாம்பிள், 245 கோடு, நொடிக்கு 60 புலம், அதாவது அரைப் படம். பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 3, 294, 50 என்று பெருக்கினாலும் அதேதான் வரும்.)

கேசட்டும் இசைத்தட்டும் வேறு. உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா, அனலாக் மூலங்களுக்கு 24 பிட் வேண்டும், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், முடிந்தால் 96 என்கிறது. வீட்டுக் கேசட்டுக்கு 48ம் 24ம் போதும் என்பது என் கணக்கு. சாதாரண கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. 15, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் நிற்காது, 48 தன்னில் பாதியான 24 வரை பிடிக்கும் என்பதால் அது தாராளம். 24 பிட் காதுக்காக அல்ல, கைக்காக. 16 பிட்டில் 65,536 படிகள், 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். படிகள் இவ்வளவு இருந்தால் பதிவு அளவைத் தாழ்த்தியே வைத்துக்கொள்ளலாம். சங்கதி ஒன்று திடீரென்று உயர்ந்தாலும் உச்சி வெட்டுப்படாது. பிறகு நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம். 16 பிட்டில் முள்ளைச் சிவப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பயந்து பயந்து பதிய வேண்டும்.

இடக் கணக்கு பயமுறுத்தாது. 90 நிமிட கேசட் 200 என்றால் 300 மணி நேரம். 48/24 வேவில் 311 ஜிபி, ஃபிளாக்கில் இரைச்சலைப் பொறுத்து அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வரலாம். 96/24 வேவாக வைத்தாலும் 622 ஜிபிதான், இன்று கையளவு டிஸ்க் ஒன்றில் அடங்கும். அதே 300 மணி நேரம் 128 எம்பி3யில் 17 ஜிபி. கம்ப்யூட்டரில் மொத்தமே 40 ஜிபி இருந்த காலத்தில் அந்த 17ஐத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

எந்த ஃபார்மட்டாலும் காப்பாற்ற முடியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பாட்டு மந்தமாகக் கேட்டால், ஓடும்போதே ஸ்குரூ டிரைவரை விட்டு அதைத் திருகித் தெளிவாக்குவது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்த வைத்தியம். கேசட் பதிந்த டெக்கின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ, ஓட்டுகிற டெக்கின் ஹெட்டும் அதே கோணத்தில் இருந்தால்தான் உச்ச ஒலிகள் முழுசாக வரும். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு நிமிடம் அதற்குச் செலவிடுங்கள். மங்கலாக வந்ததை 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் மங்கல் துல்லியமாகப் பதிவாகும், வேறொன்றும் இல்லை. ஹெட்டைத் துடைப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிடியிலும் கவனம் வேண்டும். டேட்டா சிடி போல ஆடியோ சிடியில் பிழை திருத்தம் அவ்வளவு கெட்டியாக இல்லை. கீறல் இருந்தால் டிரைவ் காணாமல் போனதை ஊகித்து நிரப்பிக்கொண்டு சும்மா இருந்துவிடும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற நிரல்கள் சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், அதே சிடியை எடுத்த மற்றவர்களின் கணக்கோடு ஆக்யுரேட்ரிப் என்ற இணையப் பட்டியல் வழியாக ஒப்பிட்டும் பார்க்கும். நம் ஊர் சிடிகள் அந்தப் பட்டியலில் சில நேரம் இருக்காது. அப்போது இரண்டு முறை எடுத்து இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வழி.

அப்புறம், கையில் இருப்பதே எம்பி3 மட்டும் என்றால்? அப்படியே வையுங்கள். அதை ஃபிளாக் ஆக்குவது தண்ணீர்ப் பாலை வெள்ளிச் செம்பில் ஊற்றுவது. ஃபைல் பல மடங்கு பெரிதாகும், போனது வராது, பின்னால் பார்ப்பவரையும் ஏமாற்றும். இப்படி ஏமாற்றுகிற ஃபிளாக்குகள் இணையத்தில் ஏராளம் உலவுகின்றன. ஸ்பெக் போன்ற ஒரு சின்ன நிரலில் போட்டுப் பார்த்தால் அகப்படும். நேரம் கிடைமட்டமாகவும், சுருதி கீழிருந்து மேலாகவும், சத்தம் நிறமாகவும் படம் வரும். உண்மையான சிடி என்றால் நிறம் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி மெல்ல மங்கும். 128 எம்பி3யில் இருந்து வந்தது என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நின்றுவிடும், அதற்கு மேல் கறுப்பு. படத்தைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. எஃப்எம் ரேடியோவில் இருந்து பதிந்தது 15இல் நிற்கும், அது ஒலிபரப்பின் எல்லை. கேசட்டும் அந்த உயரத்தில் தேய்ந்துதான் போகும், ஆனால் கத்தியால் வெட்டியது போல இருக்காது, விளிம்பு கலைந்திருக்கும்.

என்னிடமும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 2004இல் வீட்டில் இருந்த 40 கேசட்டை 128 எம்பி3 ஆக மாற்றினேன். ஃபைல்கள் கச்சிதமாக வந்தன. இனி இது எதற்கு என்று கேசட்டை எல்லாம் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன். அவர் அவற்றை எடை போட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கேசட்டின் பி பக்கக் கடைசியில் மிச்சமிருந்த டேப்பில் பாட்டி ஒரு நலுங்குப் பாட்டை மூன்று நிமிடம் பாடியிருந்தார். டேப் ரெக்கார்டர் எங்கேயோ தள்ளி இருந்திருக்கிறது, மேலே மின்விசிறி, அடுக்களையில் பாத்திரச் சத்தம். போன வருடம் அந்த விசிறியின் இரைச்சலை எடுத்துப் பார்த்தேன். விசிறி போனது. பாட்டியின் குரல் குடத்துக்குள் இருந்து வருவது போலக் குமிழியிட்டது, அடிகளின் கடைசி எழுத்துகள் இல்லை. மாற்றத்தைச் சேமிக்காமல் மூடிவிட்டேன். அந்த எம்பி3 இப்போது விசிறிச் சத்தத்தோடு, தொடாமல், இரண்டு டிஸ்க்கில் 'மூலம் இல்லை' என்று பெயரிட்ட ஃபோல்டரில் இருக்கிறது.